ராஜவிசுவாசமும் ஓர் ஏரியும்: பனகல் அரசரை மறுபடி வாசித்தல்

'பனகல் பார்க்' என்று சொன்னால் சென்னையில் யாருக்கும் வழி தெரியும். புடவைக் கடை, நகைக் கடை, தீபாவளிக் கூட்டம், இப்போது மெட்ரோ வேலைக்குப் போட்ட வேலி. பனகல் என்பது ஒரு மனுஷன் என்பது மட்டும் பலருக்குத் தெரியாது. தி.நகரில் தெருப்பெயர்கள் ஒரு கட்சியின் நினைவேடு போலக் கிடக்கின்றன: தியாகராயர், நடேசன், டாக்டர் நாயர், உஸ்மான். நீதிக்கட்சிக்காரர்களை வரைபடத்தில் எழுதிவைத்துவிட்டு வரலாற்றில் அழித்துவிட்டோம். பூங்காவுக்குப் பெயர் தந்தவரைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு முக்கியமாகப் படுவது ஒரே கேள்விதான்: முடியாட்சிக்கு விசுவாசமான, படித்த ஒரு நிலக்கிழார், தன்னைச் சுற்றி நாடு கொந்தளிக்கும்போது என்ன செய்தார்?

பானகண்டி ராமராயநிங்கார் 1866இல் காளஹஸ்தியில், வேலமர் சாதியைச் சேர்ந்த ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். சமஸ்கிருதத்தில் புலமை உள்ளவர், 1899இல் எம்.ஏ. முடித்தவர். 1912 முதல் 1915 வரை தென்னிந்திய நிலக்கிழார்களின் பிரதிநிதியாக டெல்லி சட்டசபையில் உட்கார்ந்தவர். 1921 ஜூலை 11 முதல் 1926 டிசம்பர் வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. 1928 டிசம்பரில் இறந்துபோனார்.

இவரைப் பற்றி நம்மிடம் இரண்டு கதையாடல்கள் உண்டு. தேசியம் எழுதிய வரலாற்றில் இவர் வெள்ளைக்காரனுக்கு வால்பிடித்த ஜமீன்தார், அதற்குமேல் ஒரு வரி கிடையாது. திராவிட இயக்க மேடையில் இவர் சமூகநீதியின் முன்னோடி, அங்கே ஜமீன் என்ற சொல்லே காதில் விழாது. முதல் கதை அவர் போட்ட சட்டங்களை மறைக்கிறது. இரண்டாவது கதை அவர் நின்ற நிலத்தை மறைக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் ஆள் கிடைப்பார்.

ராஜவிசுவாசம் என்பதை ஏதோ அடிமைப் புத்தி என்று ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்தில் 1642இல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது மன்னர் பக்கம் நின்ற நிலக்கிழார்களில் நல்ல படிப்பாளிகளும் இருந்தார்கள். அந்த விசுவாசத்துக்கு அவர்கள் விலை கொடுக்க வேண்டியிருந்தது. பாராளுமன்றம் அவர்களின் பண்ணைகளைப் பறிமுதல் செய்தது. பலர் தண்டம் கட்டித்தான் மீட்டார்கள். 1649 ஜனவரியில் மன்னரின் தலையே போயிற்று. சென்னையில் கதை வேறு. இங்கே முடி தோற்கிற பக்கத்தில் இல்லை, ஆளுகிற பக்கத்தில் இருந்தது. அதற்கு விசுவாசமாக இருந்த ஜமீன்தார் ஒரு காணி நிலம்கூட இழக்கவில்லை. அப்படியானால் விலையை யார் கொடுத்தார்கள்?

பனகல் பதவியேற்ற நேரத்தைப் பாருங்கள். 1921 ஜூனில் பின்னி ஆலையில், அதாவது பக்கிங்காம் கர்நாடிக் மில்லில், வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. சாதி இந்துத் தொழிலாளரும் முஸ்லிம் தொழிலாளரும் வெளியே நிற்க, ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது. ஆகஸ்டில் மலபாரில் மாப்பிள்ளைக் கிளர்ச்சி. 1922 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்த நாளில் நகரத்தில் கலவரம். உள்நாட்டுப் போர் என்ற பெயர் இதற்குக் கிடையாது. ஆனால் புளியந்தோப்பில் வீடு எரிந்தவனிடம் பெயரைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இரட்டை ஆட்சி முறை இங்கேதான் ராஜவிசுவாசிகளுக்கு வசதியாக இருந்தது. போலீசும் நிலவரியும் கவர்னர் கையில். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி மந்திரிகள் கையில். சுட்டது யார் என்று கேட்டால் 'அது எங்கள் இலாகா இல்லை' என்று சொல்லிவிடலாம். நிலம் யாருக்கு என்ற கேள்வியும் அவர்கள் மேஜைக்கு வர வேண்டியதில்லை. நிலக்கிழார்கள் நிரம்பிய ஒரு கட்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? புளியந்தோப்பு விஷயத்தில் கட்சித் தலைமை ஆதிதிராவிடர் மேல் பழி போட்டது. எம்.சி. ராஜா 1923இல் கட்சியை விட்டு வெளியேறினார். பார்ப்பனரல்லாதார் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இருந்த விரிசலை அவர்தான் முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர்.

இவ்வளவும் சொன்னபிறகு மற்றதையும் சொல்லியாக வேண்டும். 1921, 1922 வகுப்புவாரி ஆணைகள் அரசு வேலையில் ஒரு சாதியின் ஏகபோகத்தைக் கேள்விக்குள்ளாக்கின. 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை 1922இல் அரசு ஏற்றது, எம்.சி. ராஜா சட்டசபையில் கொண்டுவந்த கோரிக்கையின் விளைவு அது. பொதுச்சாலையும் கிணறும் எல்லோருக்கும் என்று 1924இல் ரெட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்ததும் இதே சபையில்தான். ஜமீன்தார்கள் இரக்கப்பட்டுக் கொடுத்ததாக இவற்றை வாசிப்பது தவறு. ஒடுக்கப்பட்டவர்கள் இருந்த கொஞ்ச இடத்துக்குள் புகுந்து பிடுங்கியவை இவை.

எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுவது இந்து அறநிலையச் சட்டம். 1817 விதிப்படி கோயில் சொத்துகளைக் கும்பினி அரசு மேற்பார்த்தது. 1863இல் அரசு கையைக் கழுவிக்கொண்டது. 1858இல் விக்டோரியா ராணி மதத்தில் தலையிட மாட்டோம் என்று பிரகடனம் செய்திருந்தார். கோயில் நிலங்கள் தர்மகர்த்தாக்கள், மடாதிபதிகள் பொறுப்பில் கணக்குவழக்கில்லாமல் போயின. பனகல் 1922இல் மசோதா கொண்டுவந்து 1925இல் சட்டமாக்கினார். 1927இல் அது மறுபடி இயற்றப்பட்டது. எதிர்த்தவர்களில் வைதிகர்களும் இருந்தார்கள், காங்கிரஸின் சத்தியமூர்த்தியும் இருந்தார். மத நடுநிலை என்கிற அரசின் வாக்கு மீறப்படுகிறது என்பது எதிர்ப்பின் ஒரு வாதம். வேடிக்கையைக் கவனியுங்கள்: ராணியின் வாக்கை மீறியவர் ராஜவிசுவாசி, அந்த வாக்கின் நிழலில் ஒதுங்கியவர்களில் சுயராஜ்யக்காரர்களும் உண்டு. விசுவாசம், எதிர்ப்பு என்ற இரண்டு டப்பாக்களில் இந்த அரசியல் அடங்காது.

சமஸ்கிருதம் படித்த ஒருவர் இதைச் செய்ததும் தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். புனிதமானது என்று சொல்லப்படுவதன் உள்ளே என்ன இருக்கிறது என்பது, படித்தவனுக்குத் தெரியும். படிக்க விடப்படாதவனுக்கு அது மூடிய கதவு. அவருடைய புலமை அந்தக் கதவைத் திறக்கும் சாவியாயிற்று. ஆனால் அதே கை தன் ஜமீன் கதவைத் தொடவில்லை. கோயில் நிலத்துக்குக் கணக்குக் கேட்டவர், ஜமீன் நிலத்துக்குக் கேட்கவில்லை. ஜமீன் ஒழிப்புச் சட்டம் வர 1948 ஆகவேண்டியிருந்தது, அதுவும் காங்கிரஸ் ஆட்சியில்.

கடைசியாக அந்த ஏரி. தி.நகர் இருக்குமிடம் மயிலாப்பூர் ஏரி, வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்று அழைத்த நீர்ப்பரப்பு. 1923 தொடங்கி அதைத் தூர்த்து மனை போட்டது பனகல் காலத்து ஆட்சி. நகரத்துக்கு வேலை தேடி வந்த படித்த நடுத்தர வர்க்கத்துக்கு வீடு கிடைத்தது, 1925இல் இறந்த தியாகராயரின் பெயர் நகருக்குக் கிடைத்தது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது, ஏரிதான் இல்லை. மழை பெய்தால் தண்ணி மட்டும் பழைய விலாசத்துக்கு வந்து நிற்கிறது.

நீதிக்கட்சியின் சாதனையையும் எல்லையையும் ஒருசேரக் காட்டுகிற பிரதி இந்த நிலம்தான் என்று சொல்வேன். அக்கிரகாரத்தின் அதிகாரத்தை உடைத்து இடம் பிடித்தார்கள். பிடித்த இடத்தை மனையாகப் பிரித்தார்கள். மனை வாங்க வழியில்லாதவன், அன்றைக்குப் புளியந்தோப்பில் இருந்தவன், அந்த வரைபடத்துக்கு வெளியே நின்றான். பனகலைத் திட்டுவதோ மாலை போடுவதோ சுலபம். அவர் கேட்காமல் விட்ட கணக்கை நாமாவது கேட்கிறோமா என்பதுதான் இன்றைக்கு நமக்கு முன்னால் இருப்பது.