இலக்கங்களின் அரசியல்: தாம்பரத்திலிருந்து கல்பாக்கம் வரை

1931இல் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர்கேஜ் மின்ரயில் ஓடத் தொடங்கியது. 1925இல் பம்பாய், அதற்கடுத்து மதராஸ். ஏறக்குறைய 30 கி.மீ. பாதை, இத்தனை வண்டி, இத்தனை மின்சாரம் என்று கணக்கு கண்முன்னால் இருந்தது. தெற்குப் புறநகர் என்று இன்று நாம் சொல்வதை இந்தத் தண்டவாளம்தான் பெருமளவுக்கு உருவாக்கியது.

சுதந்திர இந்தியாவின் எரிசக்தித் திட்டம் வேறு வகையான கணக்கைப் போட்டது. 1987க்குள் 20,000 முதல் 25,000 மெகாவாட் அணுமின்சாரம் என்று 1962இல் பாபா கணித்தார். 2000க்குள் 43,500 என்றது 1969இன் கணிப்பு. நடந்தது என்ன? 1987இல் நாடு முழுவதற்குமான அணுமின் திறன் 1,500 மெகாவாட்டைக்கூட எட்டவில்லை. 2000இல் 2,720. இலக்கு தவறியது ஒரு செய்தி. தவறிய இலக்கைப் பற்றி யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பதுதான் வரலாறு.

தாம்பரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் முதல் உலை இயங்க ஆரம்பித்தது 1983 ஜூலையில். தாமதத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் 'அந்நிய நாடுகள் கைவிட்டன' என்பது. உண்மைதான். ஆனால் ஏன் கைவிட்டன? கனடா கொடுத்த சைரஸ் உலையின் புளூட்டோனியம் 1974இல் பொக்ரானில் வெடித்தது. கனடா கையை உதறியது. அமைதிப் பணிக்கு என்று சொல்லி வாங்கியது குண்டாகி, மின்சாரத்தையே தள்ளிப்போட்டது. அதற்குப் பிறகும் நம் பொறியாளர்கள் உலையைக் கட்டி முடித்தார்கள். அந்த உழைப்பு சிறியதல்ல. ஆனால் 'சுயசார்பு' என்ற சொல்லாடல் அந்த உழைப்பைக் காட்டிக் கணிப்பின் பிழையை மறைத்துவிட்டது.

மறைக்க முடிந்தது எப்படி? 1962இன் அணுசக்திச் சட்டம் ரகசியத்துக்குச் சட்டபூர்வமான இடம் தந்தது. 1983இல் அமைந்த ஒழுங்குமுறை வாரியமோ, அணுசக்தி ஆணையத்துக்கே பதில் சொல்லும்படி வைக்கப்பட்டது. கண்காணிக்கப்பட வேண்டியவரே கண்காணிப்பவருக்கு எஜமான். வாரியத்துக்குப் போதிய சுதந்திரம் இல்லை என்று தணிக்கைத் துறை 2012இல் சொன்னது. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் வேக ஈனுலைக்கு 2004இல் வேலை துவங்கியது. 2010இல் முடியும் என்றார்கள். உலை மையத்தை நிரப்பத் தொடங்கியதே 2024 மார்ச்சில்.

இதற்கிடையில் 2008லிருந்து தமிழகமெங்கும் மின்வெட்டு. 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேரம். வெளி மாவட்டங்களுக்கு அதைப்போலப் பல மடங்கு. 'கரண்ட் எப்ப வரும்?' என்று மின்வாரிய ஆபீசுக்குப் போன் போட்டவர்களில் எவரும் 'அந்த 43,500 எங்கய்யா போச்சு?' என்று கேட்கவில்லை. கேட்க ஓர் இடமும் இருக்கவில்லை. வராத மின்சாரத்தின் செலவை இன்வர்ட்டராகவும் டீசலாகவும் வீடுகளும் பட்டறைகளும் கட்டின.

2025இல் புது இலக்கம் வந்தது: 2047க்குள் 1,00,000 மெகாவாட். அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் தனி. எந்தப் பக்கம் நிற்பவரும் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் 1987ஐயும் 2000ஐயும் எழுதிவைத்துக்கொள்ளலாம். எவ்வளவு கட்டினோம், என்ன செலவு, ஏன் தாமதம் என்று வருஷா வருஷம் சபையில் வைக்கச் சொல்லலாம். கேட்கிறவர் இல்லாத வரைக்கும் இலக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் வளரும்.