மைன்டெஸ்ட் முதல் லுவாண்டி வரை

லுவாண்டி என்பது கனசதுரக் கட்டிகளால் ஆன முப்பரிமாண உலகில் தோண்டவும் கட்டவும் உதவும் கட்டற்ற மென்பொருள் ஆகும். 2024 அக்டோபர் வரை இதன் பெயர் மைன்டெஸ்ட். இதை மைன்கிராஃப்டின் இலவச நகல் என்றே மாணவர் பலர் எண்ணுகின்றனர். தொடக்கத்தில் அது ஓரளவு உண்மை. இன்று அப்படிச் சொல்ல இயலாது.

இவ்வகையின் முன்னோடி, அமெரிக்கரான சக்கரி பார்த் 2009-இல் வெளியிட்ட இன்ஃபினிமைனர். இரு அணிகள் போட்டியிட்டுக் கனிமம் தோண்டும் ஆட்டம் அது. ஆடியவர்களோ போட்டியை மறந்து கட்டடம் எழுப்பத் தொடங்கினர். நிரலை மறைக்கும் ஏற்பாடு இல்லாததால், பிறர் அதைப் பிரித்தெடுத்து ஒன்றோடொன்று பொருந்தாத பதிப்புகளை உலவவிட்டனர். பார்த் பணியை நிறுத்திவிட்டார். அதே ஆண்டு மே மாதத்தில், இன்ஃபினிமைனர் தந்த ஊக்கத்தால், சுவீடனின் மார்க்கஸ் பெர்சன் மைன்கிராஃப்டை வெளியிட்டார். 2014-இல் மைக்ரோசாஃப்ட் அவருடைய நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது.

பின்லாந்தின் பெர்ட்டு அகோலா 2010-இல் தொடங்கிய சோதனை முயற்சியே மைன்டெஸ்ட். பெயரிலேயே 'டெஸ்ட்' இருப்பதைக் கவனிக்க. மைன்கிராஃப்ட் ஜாவாவில் எழுதப்பட்டது. இது சி++ மொழியில் புதிதாக எழுதப்பட்டது. அன்றைய மைன்கிராஃப்ட் உலகின் உயரம் 128 கட்டிகள். இதில் மேலேயும் கீழேயும் ஏறத்தாழ 31,000 கட்டிகள் வரை செல்லலாம்.

இவற்றைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. மைன்டெஸ்டில் ஆட்ட விதிகள் இயக்குபொறிக்குள் பூட்டப்படவில்லை. பிரேசிலில் பிறந்த லுவா என்னும் எளிய நிரல்மொழியில் தனியே எழுதப்படுகின்றன. 2023 டிசம்பரில் வந்த 5.8 பதிப்பு முதல் உடன்வரும் விளையாட்டும் நீக்கப்பட்டது. நிறுவியவுடன் ஆட எதுவும் இல்லாததால் புதியவர் சற்றுத் திகைப்பார். மைன்கிராஃப்டைப் போன்றது வேண்டுமெனில் வாக்சலிப்ரே என்ற விளையாட்டைத் தரவிறக்கிக்கொள்ளலாம். 'லுவா' என்பதையும், படைப்பு எனப் பொருள்படும் 'லுவோன்டி' என்னும் பின்னியச் சொல்லையும் இணைத்ததே இன்றைய பெயர்.

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் 2011 செப்டம்பரில் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசுடன் பாஸ் லினக்சும் வழங்கப்பட்டது. அந்தப் பக்கத்தை எத்தனை மாணவர் திறந்து பார்த்தனர் என்பது வேறு கதை. லுவாண்டி லினக்சிலும் இயங்கும். கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்கி அனுமதி பெற வேண்டியதும் இல்லை. அதன் விளையாட்டுக் கோப்புறையில் உள்ள நிரல்கள் சாதாரண உரைக்கோப்புகள். ஒரு கல்லை உடைக்க எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்பது அங்கே ஓர் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணை மாற்றிச் சேமித்து, ஆட்டத்தை மீண்டும் தொடங்கினால் போதும். கல் வேறு வேகத்தில் உடையும்.