குருந்தம்: கல்லுக்கும் தூளுக்கும் ஒரு பெயர்

கச்சாக் கல்லை வாங்கி, அறுத்து, தேய்த்து, மெருகேற்றி, மோதிரத்துக்கோ பதக்கத்துக்கோ ஆகும்படி விற்பதை ஓய்வுநேர வேலையாக வைத்துக்கொண்டவர்கள் பலர். "பட்டை தீட்டுகிறேன்" என்றுதான் அவர்களும் சொல்வார்கள். ஆனால் அவர்கள் கையில் உருவாகும் கல்லில் பட்டையே இருக்காது. அடிப்பக்கம் தட்டை, மேற்பக்கம் குமிழ். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகளில், பரதநாட்டியக்காரர்களின் நெற்றிச்சுட்டியில், வரிசையாகப் பதித்திருக்கும் கெம்புக் கற்களை நினைத்துக்கொண்டால் போதும். வணிக உலகம் இந்த வடிவத்தைக் கபோஷோன் என்கிறது. பிரெஞ்சில் 'கபோஷ்' என்றால் மண்டை. மண்டைபோல உருண்ட கல், கபோஷோன். அந்தச் சொல்லின் கதை அவ்வளவுதான். அதே மேசையில் கிடக்கும் இன்னொரு சொல்லுக்குத்தான் நீண்ட கதை இருக்கிறது: குருந்தம்.

இன்றைய கனிமவியலில் குருந்தம் என்பது படிகமான அலுமினியம் ஆக்சைடு. மோவின் கடினத்தன்மை அளவையில் அதற்கு 9. அதற்கு மேலே வைரம் ஒன்றுதான். தூய குருந்தத்துக்கு நிறமில்லை. சிறிது குரோமியம் கலந்தால் அது சிவந்து மாணிக்கம் ஆகிறது. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். ஆக, நவரத்தினத்தில் இரண்டு ரத்தினங்கள் ஒரே கனிமம். நிறமும் ஒளியும் கூடாமல் சாம்பலாகவும் பழுப்பாகவும் கிடைப்பதை இடித்துத் தூளாக்கினால் மற்றக் கற்களைத் தேய்க்கும் பொடி. ஆங்கிலத்தில் 'கொரண்டம்', பிரெஞ்சில் 'கொரிந்தோன்', ஜெர்மனில் 'கொருண்ட்' என்று உலகம் முழுக்க வழங்கும் பெயர் நம் பக்கத்திலிருந்து போனது.

நம் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது? பழைய வடிவம் குருவிந்தம். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் தம் பிருகத்சம்ஹிதையில், பத்மராகம் என்னும் மாணிக்கம் பிறக்கும் மூலங்களாகச் சௌகந்திகம், குருவிந்தம், ஸ்படிகம் என மூன்றைச் சொல்கிறார். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை ரத்தினக் கடைத்தெரு வருகிறது. அங்கே மாணிக்கத்தின் வகைகளைப் பதுமம், நீலம், விந்தம், படிதம் என்று இளங்கோவடிகள் எண்ணுகிறார். விந்தம் என்பது குருவிந்தமே என்று உரை சொல்கிறது. இந்த இடங்களிலெல்லாம் குருவிந்தம் என்றால் சிவந்த ரத்தினம். தேய்க்கும் பொடி என்ற பொருளுக்கு அங்கே இடமே இல்லை.

சிவப்பு என்ற கருத்து இந்தச் சொல்லை விட்டு நீங்குவதே இல்லை. வடமொழி அகராதிகளில் குருவிந்தத்துக்கு மாணிக்கம் என்ற பொருளோடு சாதிலிங்கம் என்ற பொருளும் உண்டு. தெலுங்கில் குன்றிமணிக்குப் பெயர் குருவிந்த. பொன்னும் மணியும் நிறுத்த அந்தச் சிவப்பு வித்துக்கும் மணிக்கும் ஒரே பெயர் விழுந்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. தமிழிலோ, 'குரு' என்ற உரிச்சொல் நிறத்தைக் குறிக்கும் என்கிறது தொல்காப்பியம். குருதி என்ற சொல்லும் நம்மிடம் இருக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்து, குருவிந்தம் திராவிட வேரிலிருந்து வடமொழிக்குப் போன சொல் என்று சொல்ல ஆசை எழும். என் மனமும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஆனால் 'விந்தம்' என்ற பின்பாதிக்கு அந்த வழியில் நல்ல விளக்கம் கிடைப்பதில்லை. வடமொழியிலும் கோரைப்புல் முதற்கொண்டு பல பொருள்கள் இந்தச் சொல்லில் குவிந்திருப்பதால், ஒரே வேரைப் பிடித்து இழுப்பது சரியாக வராது. சாய்வைச் சாய்வாகவே வைத்துக்கொள்வதுதான் நேர்மை.

இன்னொரு மயக்கத்தையும் இங்கேயே விலக்கிவிட வேண்டும். திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்டது குருந்த மரத்தடியில். மாணிக்கம் என்பது அவர் பெயரிலேயே இருப்பதால், இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பேசுவது எளிது. குருந்த மரம் காட்டெலுமிச்சை இனத்தைச் சேர்ந்த முள்மரம். கல்லின் பெயரோ நடுவே வகரம் தேய்ந்து குருவிந்தத்திலிருந்து குருந்தமானது. ஒலி ஒன்றுபட்டதே தவிர, வந்த வழிகள் வேறு.

வகரம் தேய்ந்தது எங்கே என்று கேட்டால், பட்டறையில் என்பேன். ஏட்டில் எழுதியவர்கள் குருவிந்தம் என்றே எழுதினார்கள். நாளெல்லாம் சொல்லைப் புழங்கியவர்கள்தான் அதைச் சுருக்குவார்கள். இந்தியக் கல்வேலைக்காரர்களின் பழைய சாணை எப்படியிருந்தது என்று தெரிந்தால் இது விளங்கும். குருந்தத்தை இடித்துச் சலித்துத் தூளாக்குவார்கள். அரக்கை உருக்கி அந்தத் தூளை அதில் பிசைந்து வட்டமாக வார்ப்பார்கள். வட்டத்தின் நடுவே அச்சு. அச்சில் சுற்றிய கயிற்றை வில்லால் ஒரு கை முன்னும் பின்னும் இழுக்க, சக்கரம் இருபக்கமும் மாறி மாறிச் சுழலும். மறு கையில் கல். கல்லைப் பிடிக்கும் குச்சியின் நுனியிலும் அரக்குதான். முரட்டுத் தூள் பிசைந்த சக்கரம் உருவம் கொடுக்கும், நைந்த தூள் பிசைந்தது கீறலை அழிக்கும். வைரம் நீங்கலாக எந்தக் கல்லும் இந்தச் சக்கரத்துக்கு வழிவிடும். இலங்கையில் பேருவளை, இரத்தினபுரி வட்டாரங்களிலும் வில்லால் இயங்கும் சாணையே தலைமுறை தலைமுறையாக இருந்தது. ஆக, தினமும் கிலோக்கணக்கில் புழங்கியது பொடி. எப்போதாவது கைக்கு வந்தது மாணிக்கம். சொல் பொடியின் பக்கம் நகர்ந்தது இயல்பு.

ஐரோப்பாவுக்கு அது போனதும் பொடியாகத்தான். 1728-இல் காலமான ஜான் உட்வர்ட் என்ற ஆங்கிலேயர் உலகெங்குமிருந்து கல்லும் மண்ணும் சேர்த்துப் பட்டியலிட்டவர். அவருடைய தொகுப்பு இன்றும் கேம்பிரிட்ஜில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைப் பக்கத்துச் சரக்காக 'நெல்லா கொரிவிண்டம்' என்று ஒன்று வருகிறது. நெல் விளையும் வயல்களில் எலி தோண்டிப்போடும் மண்ணில் கிடைப்பது, இரும்பைத் தேய்க்க உதவுவது என்று குறிப்பு. நெல்வயலில் கிடைப்பதால் 'நெல்லா' என்று தமிழ்க் காது சட்டென்று முடிவுகட்டும். ஆனால் அதற்கு இணையாக 'தெல்லா' என்று இன்னொரு வகையும் பட்டியலில் இருக்கிறது. நல்ல என்றால் தெலுங்கில் கறுப்பு, தெல்ல என்றால் வெள்ளை. கறுப்புக் குருவிந்தம், வெள்ளைக் குருவிந்தம். ஆகவே உட்வர்டுக்குச் சொல் கொடுத்தவர் தெலுங்கு பேசியவர். சென்னப்பட்டணத்தில் இரண்டு மொழியும் ஒரே தெருவில் புழங்கிய காலம் அது. தமிழிலிருந்தே போனது என்று அடித்துப் பேசுகிறவர்கள் இந்த வரியைப் பார்க்க வேண்டும். வகரத்தோடு முதலில் போனது தெலுங்கு வடிவம். வகரமில்லாமல் பிற்பாடு போய் நிலைத்த வடிவம் தமிழ்க் குருந்தத்தை ஒத்தது.

அடுத்த கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் ஒரு கல்வேலைக்காரர் வருகிறார். 1760-களின் பிற்பகுதியில் எடின்பரோவில் வில்லியம் பெர்ரி என்றொருவர் முத்திரைக் கற்கள் செதுக்கிக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்த டாக்டர் ஆண்டர்சன், பிற்காலத்தில் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டுச் சாயப்பூச்சி வளர்க்க முயன்ற அதே ஆண்டர்சன், அவருக்கு ஒரு பெட்டி நிறையப் படிகங்கள் அனுப்பினார். வைரம் தவிர எல்லா மணிகளையும் தேய்க்க இந்த நாட்டார் பயன்படுத்துவது இது என்ற தகவலும் கூடவே போனது. பெர்ரி சோதித்தார், கல் அறுபட்டது. அந்தப் படிகம் அவரிடமிருந்து வேதியியல் அறிஞர் ஜோசப் பிளாக்கின் கைக்குப் போக, அவர் அதற்கு வேறு பெயர் வைத்தார். ஐரோப்பியர்கள் வைத்த பெயர்கள் எல்லாமே 'வைரம்போல் கடினமான பளிங்கு' என்ற பொருளைச் சுற்றியே இருந்தன. அவை நின்றிருந்தால் குருந்தம் என்ற சொல் நம் பட்டறைகளோடு முடிந்திருக்கும்.

அதை நிலைநிறுத்தியவர் சார்லஸ் கிரெவில். 1798-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஆசியாவின் குருந்தக் கல்லைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். பிளாக் வைத்த பெயரை ஒதுக்கி, கல் வந்த நாட்டில் அதற்கு என்ன பெயரோ அதையே வைத்தார். அந்தக் காலத்து ஐரோப்பிய அறிஞரிடம் அடிக்கடி காண முடியாத முடிவு இது. நான்கு ஆண்டு கழித்து, 1802-இல், பிரெஞ்சுப் புரட்சியால் நாடு விட்டு இங்கிலாந்துக்கு வந்திருந்த பூர்னோன் என்ற பிரபு, கிரெவிலின் சேகரிப்பை வைத்துப் படிகக் கோணங்களை அளந்து பார்த்தார். கீழைநாட்டு மாணிக்கம், நீலம் என்று வணிகர்கள் விற்ற ரத்தினங்களும் தேய்க்கும் முரட்டுக் கல்லும் ஒரே இனம் என்று நிறுவினார். பிரெஞ்சுக் கனிமவியல் அறிஞர் ரெனெ ஆயுய் அதற்கு முன் ரத்தின வகைக்கு 'தெலெசி' என்று தனிப்பெயர் கொடுத்திருந்தார். அந்தப் பெயர் மறைந்துபோயிற்று. குருந்தம் இரண்டையும் எடுத்துக்கொண்டது.

ஏட்டில் மாணிக்கமாகவும் பட்டறையில் பொடியாகவும் பிரிந்து கிடந்த சொல், லண்டன் போய் மறுபடி ஒன்றாயிற்று. பூர்னோன் ஆராய்ந்த கற்களில் ஒரு பகுதி ஆங்கிலேயர் கர்நாடிக் என்று அழைத்த நம் தமிழ்ப் பகுதியிலிருந்து போனது. குருந்தம் பொதிந்திருந்த வெள்ளைத் தாய்ப்பாறைக் கனிமத்துக்கு அவர் 'இந்தியனைட்' என்று பெயரிட்டார்; அது அனார்த்தைட் என்று பிறகு தெரிந்தது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் இன்றும் இதே சேர்க்கையைக் காணலாம்: வெளிறிய அனார்த்தோசைட் பாறையில் இளஞ்சிவப்புக் குருந்தம். நிலவின் மேட்டுநிலப் பாறைக்கு நெருங்கியது என்பதால், சந்திரயான்-2 சோதனைக்கு நிலவு மண் செய்ய இஸ்ரோ இந்த வட்டாரப் பாறையைத்தான் இடித்துப் பொடியாக்கியது.

சொல்லுக்கு இன்னொரு பயணமும் உண்டு. 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் களிமண்ணையும் கோக் கரியையும் மின்சாரத்தால் சூடேற்றியபோது கண்ணாடியைக் கீறும் படிகங்கள் கிடைத்தன. கார்பனும் குருந்தமும் சேர்ந்த பொருள் என்று நினைத்து அவர் 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. அதில் அலுமினியமே இல்லை. தவறான கணிப்பில் பிறந்தாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. 1954-இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளோடு சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியைத் தொடங்கியது. கத்தி தீட்ட, தரை தேய்க்க, இரும்புக்கடையில் கார்போரண்டம் கல் கேட்டு வாங்குகிறோம். குருந்தம் என்ற சொல்லே அங்கே வேற்று உடுப்பில் நிற்கிறது.

இனி, குமிழ்க்கல் தேய்ப்பவரின் மேசைக்கு வருவோம். அகேட், ஜாஸ்பர் போன்றவற்றைச் சிலிக்கன் கார்பைடு சக்கரம் நன்றாகத் தேய்க்கும். குருந்தத்திடம் அது திணறும். வைரத்தூள் ஒட்டிய சக்கரம்தான் வேலைக்கு ஆகும். குருந்தத்தைக் குமிழாகத் தேய்ப்பதில் கிடைக்கும் பெரிய பரிசு நட்சத்திரம். ரூட்டைல் என்னும் கனிமத்தின் நுண்ணூசிகள் கல்லுக்குள் மூன்று திசையில் அடுக்கப்பட்டிருந்தால், ஒற்றை விளக்கின் ஒளி குமிழின் மேல் ஆறு கதிராக விரியும். படிகத்தின் நெடு அச்சு குமிழின் உச்சியை நேராகக் குத்தும்படி அடியை அறுக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் நட்சத்திரம் ஓரத்துக்கு வழுக்கிவிடும். அறுக்குமுன் கல்லை ஓரளவு உருட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இதற்காகத்தான். நியூயார்க் அருங்காட்சியகத்திலிருக்கும் 563.35 காரட் 'ஸ்டார் ஆஃப் இந்தியா' நீலமும் குமிழாகத் தேய்த்த குருந்தமே. பெயரில் இந்தியா இருந்தாலும் கல் இலங்கையது.

விற்கும்போது இந்தப் பெயர் வரலாறு நேரடியாகக் கைகொடுக்கும். கர்நாடகத்தில் கிடைக்கும் ஒளி ஊடுருவாத கருஞ்சிவப்புக் கல்லை 'ரூபி' என்று எழுதினால் ஒரு விலை, குருந்தம் என்று எழுதினால் ஒரு விலை. இரண்டும் பொய்யில்லை. ஆனால் ரூபி என்ற சொல் வாங்குபவர் மனத்தில் பர்மிய மாணிக்கத்தின் ஒளியைக் கொண்டுவருகிறது, கல்லில் அது இல்லை. ஆகவே சிறு அட்டையில் 'நட்சத்திரக் குருந்தம், சிவப்பு, ஒளி ஊடுருவாதது, கர்நாடகம்' என்று எழுதுவதே முறை என்பது என் உறுதியான கருத்து. ஆய்வகத்தில் வளர்த்த நட்சத்திரக் கற்கள் 1947 முதல் சந்தையில் உண்டு. அவற்றின் கதிர்கள் வரைந்ததுபோல் மெல்லியதாக, மேற்பரப்பிலேயே ஒட்டியதுபோல் தெரியும். அப்படிப்பட்டதென்றால் அதையும் எழுத வேண்டும். விரிசல்களில் ஈயக் கண்ணாடி ஊற்றி அடைத்த மாணிக்கத்துக்கும் இதே விதி. பொற்கொல்லரின் அமிலமும் நெருப்பும் பட்டால் அந்தக் கண்ணாடி கெட்டுவிடும் என்பதை வாங்குபவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மைசூர்ப் பக்கத்திலிருந்து வரும் பச்சை ஃபுக்சைட்டில் பொதிந்த சிவப்புக் குருந்தம் புதிதாகத் தொடங்குபவர்களை வெகுவாக இழுக்கும். நிறம் அழகு, விலை குறைவு. தேய்க்கும்போதுதான் தெரியும்: ஃபுக்சைட் நகம் பட்டாலே கீறக்கூடியது, குருந்தம் சக்கரத்தையே எதிர்க்கும். மென்மையான பச்சை பள்ளமாகிச் சிவப்பு மேடாக நின்றுவிடும். அழுத்தம் குறைத்து, கூரான வைரச் சக்கரத்தில் ஆரம்பத்திலேயே உருவத்தை முடித்துக்கொண்டு, மெருகுக்கு மெத்தென்ற பட்டையைத் தவிர்த்து விறைப்பான தோலிலோ மரத்திலோ வைரப்பசை தடவித் தேய்த்தால் மேடு பள்ளம் பெரும்பாலும் அடங்கும். அந்தக் கல்லின் அட்டையில் 'ஃபுக்சைட்டில் குருந்தம்' என்று எழுதினால் வாங்குபவர் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்பார்.