கல்லில் இடம்பெறாத பெயர்கள்

மலேயாவிலும் இந்தோனேசியத் தீவுகளிலும் ஆடவர் பள்ளிவாசலுக்கு உடுத்திச் செல்லும் கட்டம் போட்ட கைலிக்குக் 'கைன் பெலிக்காட்' என்று பெயர். நம் முதியோர் கடைகளில் 'பளையகாட்' என்று கேட்டு வாங்கிய கைலியும் அதன் உறவே. இரு சொற்களும் சுட்டுவது ஒரே ஊரை. ஐரோப்பியர் நாவில் 'புலிகாட்' எனத் திரிந்த பழவேற்காடுதான் அது.

சென்னையிலிருந்து பொன்னேரி வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வார விடுமுறையில் காரில் புறப்படுவோர் பலரும் ஏரியில் படகேறி, பருவகாலமாயின் பூநாரைகளைக் கண்டு, மீனும் இறாலும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அவ்வாறு சென்ற நாம் ஊருக்குள்ளும் சற்றே நடந்தோம்.

முதலில் கண்ணில் பட்டது டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டம். அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் காவல் நிற்கின்றன. உள்ளே வணிகர், அதிகாரிகள், அவர்தம் மனைவி மக்கள் ஆகியோரின் பெயர்களும் குலச் சின்னங்களும் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்கத்தக்க நிலையில் உள்ளன. தொல்லியல் துறை இதனைக் காத்து வருகிறது.

இவர்கள் இங்கு வந்தது ஏன்? மொலுக்கத் தீவுகளின் கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் அங்குள்ளோர் விரும்பிய மாற்றுப் பண்டம் சோழமண்டலத் துணி. அதைத் தேடி வந்த டச்சுக் கம்பெனியார், விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரின் இசைவுடன் 1610இல் இங்கே கால் ஊன்றினர். 1613இல் கெல்டிரியா என்னும் கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையகம் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்களது வாணிபம் இங்கிருந்தே நடந்தது.

ஆனால் கப்பலில் ஏறியது துணி மட்டுமன்று; மனிதர்களும் ஏற்றப்பட்டனர். பஞ்சமும் படையெடுப்பும் நேர்ந்த போதெல்லாம் அடிமை வாணிபம் பெருகியது. தஞ்சை நாடு பிஜப்பூர்ப் படைகளால் சீரழிந்த 1659-61 ஆண்டுகளில் மட்டும் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் 8,000 முதல் 10,000 பேர்வரை கம்பெனியார் விலைக்கு வாங்கினர் என்று வரலாற்றாய்வாளர் கணித்துள்ளனர். பெரும்பாலோர் இலங்கைக்கும், ஒரு சிலர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். பசிக்கு அஞ்சித் தம் பிள்ளைகளை விற்ற பெற்றோர் அவர்களிடையே இருந்தனர். விலை பேசிக் கொடுத்த தரகர்களுள் இந்நாட்டாரும் இருந்தனர். பழியை அயலார்மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் நகர்ந்துவிட இயலாது.

வாங்கியவரின் பெயரைக் கல் சொல்கிறது. விற்கப்பட்டவரின் பெயரோ, துணி நெய்தவரின் பெயரோ நாம் கண்ட கற்களில் ஒன்றிலும் இல்லை. அவ்வளவு பெரிய கோட்டையும் நிலைக்கவில்லை. 1806இல் ஆங்கிலேயர் அதனை இடித்தனர். 1825இல் ஊரும் அவர்கள் வசமே நிலைத்தது. இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டிய மேடும் அகழியின் சுவடுமே எஞ்சியுள்ளன.

எழுதப்படாமல் நிலைத்தவையும் இவ்வூரில் உண்டு. அரபு நாட்டிலிருந்து படகேறி வந்த முன்னோர் வழியினர் தாம் என்னும் செவிவழிச் செய்தியை இங்குள்ள முஸ்லிம்கள் போற்றி வருகின்றனர். பள்ளிவாசலில் தொழுகை வேளை அறிய அமைத்த சூரியக் கடிகாரத்தைக் காணலாம். முஸ்லிம் பெண்களின் கைகளில் பனையோலை பெட்டியாகவும் கூடையாகவும் உருப்பெறுகிறது. ஏரியில் எவர், எங்கே, எந்நாளில் வலையிடுவது என்பதை மீனவர்கள் 'பாடு' என்னும் முறைவைப்பால் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றனர். எக்கோட்டையின் ஆணையும் இதனைத் தந்ததன்று. தலைமுறை தலைமுறையாக நினைவில் வாழும் ஒழுங்கு இது.

கல்லறைகளைக் காப்பது நன்றே. எனினும் பழவேற்காட்டின் வரலாற்றை அக்கற்களோடு முடித்துவிடலாகாது. கிழக்குத் தீவுகளில் எவரோ ஒருவர் இடுப்பில் இறுக்கிக் கட்டும் கைலியின் பெயரில் இவ்வூர் இன்னும் வாழ்கிறது. அதை நெய்த கைகளையும், அதே துறையில் கண்ணீரோடு கப்பலேறிய பிள்ளைகளையும் நம் ஏடுகளிலேனும் எழுதி வைப்போமாக.