தஞ்சாவூரில் நெளிந்த வட்டம்

1808-ம் ஆண்டு. தஞ்சாவூர் பெரிய கோவில் விமானத்தின் மேல் ஒரு கருவியைக் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எடை சுமார் அரை டன். பக்கவாட்டில் ஆடாமல் இழுத்துப் பிடித்திருந்த கயிறு திடீரென்று அறுந்தது. கருவி ஊசல் மாதிரி ஆடிப்போய்ச் சுவரில் மோதியது. கோணம் அளப்பதற்காக அதில் இருந்த 3 அடி விட்டமுள்ள கிடைவட்டம் நெளிந்துபோனது.

அந்தக் கருவிதான் கர்னல் வில்லியம் லாம்ப்டனின் பெரிய தியோடலைட். லண்டனில் வில்லியம் கேரி செய்தது. இந்தியாவுக்கு வரும் வழியிலேயே பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்து மொரிஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பிவைத்த வரலாறும் அதற்கு உண்டு. இந்த விபத்தை எல்லோரும் ஒரு சாகசக் கதையாகத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறொரு கேள்வி: 'நெளிந்தது' என்கிறோமே, எவ்வளவு நெளிந்தது என்று எப்படிச் சொல்வது? பள்ளிப் பாடத்தில் 'திரிபு' என்று படிக்கிறோமே, அது இந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் கோவில் மேல் ஏன் ஏறினார்கள் என்று பார்த்துவிடலாம். நாட்டையே முக்கோணங்களாகப் பிரித்து அளப்பது லாம்ப்டனின் திட்டம். ஒரே ஒரு பக்கத்தைத் தரையில் நேராக அளந்துவிட்டால் போதும். மற்றதெல்லாம் கோணங்களிலிருந்து கணக்கில் வந்துவிடும். கோணம் அளக்க உயரமான இடம் வேண்டும். காவிரிப் படுகையில் மலைக்கு எங்கே போவது? கோவில்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

அந்த முதல் பக்கத்தை 1802-ல் பரங்கிமலை அருகே அளந்தார். ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர். கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. எஃகு வெயிலில் நீளும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஒவ்வொரு மீட்டரும் ஏறக்குறைய 0.0116 மில்லிமீட்டர். இதுல என்ன பெரிய விஷயம்னு தோணலாம். 10 டிகிரி வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டால், 12 கிலோமீட்டரில் 1.4 மீட்டர் பிழை வரும். அதனால்தான் சங்கிலியோடு வெப்பமானியையும் வைத்துக்கொண்டு திருத்தம் போட்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது: சங்கிலி மொத்தம் எவ்வளவு நீண்டது என்பதை விட, நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது என்பதுதான் பயன்படும் எண். நீளத்தை நீளத்தால் வகுப்பதால் அதற்கு அலகு கிடையாது. நேர்கோட்டுத் திரிபு என்பது அவ்வளவுதான்.

காஞ்சிபுரம், திருப்பருத்திக்குன்றம் பக்கம் தெருவில் பாவை நீட்டி இழுத்துக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த படி சுலபம். 20 மீட்டர் பாவு, ஒரு முனை கட்டப்பட்டிருக்கிறது. மறுமுனையை 10 சென்டிமீட்டர் இழுக்கிறார்கள். இழுத்த முனை 10 சென்டிமீட்டர் நகர்ந்தது. நடுப்பகுதி 5 சென்டிமீட்டர்தான் நகர்ந்தது. கட்டிய முனை அசையவே இல்லை. இடத்துக்கு இடம் நகர்வு வேறு. ஆனால் எந்த இடத்தில் ஒரு ஜாண் நூலை எடுத்துப் பார்த்தாலும், அது 200-ல் ஒரு பங்குதான் நீண்டிருக்கும். திரிபு எங்கும் 0.005.

ஆக, ஒரு புள்ளி எங்கே போனது என்பதல்ல கேள்வி. அதற்கும் பக்கத்துப் புள்ளிக்கும் இடையே என்ன மாறியது என்பதுதான் கேள்வி. தமிழ் இலக்கணத்தில் 'திரிதல்' என்று ஒன்று உண்டு. மண், குடம் இரண்டும் சேர்ந்தால் மட்குடம். 'ண்' தானாகத் திரியவில்லை, பக்கத்தில் வந்த எழுத்தால் திரிந்தது. கலைச்சொல்லைத் தேர்ந்தவர்கள் இதை நினைத்தார்களோ இல்லையோ, சொல் நன்றாகவே பொருந்துகிறது.

இப்போது தியோடலைட்டுக்கு வருவோம். வண்டியில் ஏற்றி நூறு மைல் கொண்டுபோனாலும் அதன் வட்டத்தில் திரிபு இல்லை. அச்சில் சுற்றிவிட்டால் விளிம்பில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் அடிக்கணக்கில் நகரும், அப்போதும் திரிபு இல்லை. பக்கத்துப் புள்ளிகளின் தூரமும் இடைக்கோணமும் அப்படியே இருப்பதால்தான். ஆனால் சுவரில் மோதியபோது நகர்வு சிறிது, சேதம் பெரிது.

எவ்வளவு பெரிது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 அடி வட்டத்தின் விளிம்பில் ஒரு விகலை என்பது சுமார் 0.0022 மில்லிமீட்டர். விளிம்பில் ஒரு கோடு 0.1 மில்லிமீட்டர் இடம் மாறினால் 45 விகலை பிழை. 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோபுரம் 11 மீட்டர் தள்ளித் தெரியும். ஒரு முக்கோணத்தின் பிழை அடுத்த முக்கோணத்துக்கும் போகும்.

சங்கிலிக்கு ஒரே எண் போதும். வட்டத்துக்குப் போதாது. வளைவான பட்டை ஒன்றைச் சற்று நிமிர்த்தினால், அதன் வெளிப்பக்கம் சுருங்கும், உள்பக்கம் நீளும். ஒரே இடத்தில், விரல் அகலத்துக்குள், எதிரெதிர்த் திரிபு. செங்குத்தாக வெட்டிக்கொண்டிருந்த இரண்டு கோடுகள் சரிந்தும் போகலாம், அது சறுக்குத் திரிபு. எல்லாவற்றையும் சேர்த்து எழுத வேண்டுமென்றால், ஒரு புள்ளிக்கு மூன்று நீட்சி, மூன்று சறுக்கு, மொத்தம் ஆறு எண்கள் தேவை. இதைப் பொதுவான கணிதமாக்கியவர் பிரான்சின் கோஷி. பாரிஸ் அகாதெமியில் அவர் அதை அறிவித்தது 1822-ல். தகைவு, திரிபு இரண்டையும் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் தனித்தனிச் சொற்களாகப் பிரித்து நிலைநிறுத்தியது 1850-களில். தஞ்சாவூரில் லாம்ப்டன் நின்றபோது இதெல்லாம் இல்லை.

அவரிடம் இருந்தது கைவேலை. ஒரு கூடாரத்துக்குள் போனார், தலைமைக் கைவினைஞர்கள் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. பெரிய சமதளப் பலகையில் வட்டத்தின் சரியான அளவை வெட்டினார். நெளிந்த வளையத்தை ஆப்பு, திருகு, கப்பி கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தார். வளைந்த ஆரங்களைச் சின்ன மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம் ஆனது. ஏன் அத்தனை நாள் என்று ஊகிக்கலாம். உலோகம் மீள்தன்மை உள்ளது. விட்டால் கொஞ்சம் திரும்பிவிடும். வேண்டிய அளவுக்குச் சற்றே அதிகமாக இழுத்தால்தான், விடும்போது சரியான இடத்தில் வந்து நிற்கும். அதிகம் இழுத்தாலோ மறுபடி கோணல்.

அந்தக் கருவியோடு வேலை தொடர்ந்தது. ஆனால் பலகை காட்டியது வெளி உருவத்தை மட்டும். வளையம் பலகையின் வட்டத்தோடு பொருந்திவிட்டது என்பதற்காக, ஒவ்வொரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே பழைய தூரம் திரும்பிவிட்டது என்று ஆகாது. ஓரிடத்தில் நீண்டதும் இன்னோரிடத்தில் சுருங்கியதும் சேர்ந்தே முழுச் சுற்றளவைச் சரியாகக் காட்டலாம். மொத்தம் சரி, பகுதிகள் தவறு. திரிபு புள்ளிக்குப் புள்ளி சொல்லப்படுவதன் காரணம் இதுதான்.

1823-ல் லாம்ப்டன் இறந்தார். பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட், ஒரே கோணத்தை வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் வைத்துத் திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுக்கும் முறையை வலியுறுத்தினார். ஒரு பகுதியின் பிழையை இன்னொரு பகுதி ஈடுசெய்யட்டும் என்ற யோசனை. 1830-க்குப் பிறகு, லண்டனிலிருந்து வந்த கருவி செய்பவர் ஹென்றி பாரோ அந்தத் தியோடலைட்டைக் கிட்டத்தட்டப் புதிதாகவே செய்துகொடுத்தார். பாரோ போன பிறகு அவர் இடத்துக்கு வந்தவர் நம் ஆற்காட்டுக்காரர், சையத் மீர் மோஹ்சின் ஹுசைன். எவரெஸ்ட் விடாமல் வாதாடித்தான் அவருக்கு அந்தப் பதவி கிடைத்தது.