அமீர் ஹம்ஸா முதல் இம்ரான் வரை

கதை படிப்பது காலத்தை வீணாக்குவது என்னும் எண்ணம் நம் சமுதாயத்தில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. மக்காவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இறைவசனங்களை ஓதிக் காட்டிய நாள்களில், நள்ரு இப்னு ஹாரிஸ் என்பவன் பாரசீகத்து ருஸ்தம், இஸ்பந்தியார் கதைகளைச் சொல்லி மக்களைத் தன்பால் இழுக்க முயன்றான் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. லுக்மான் அத்தியாயத்தில் வீண் பேச்சை விலைக்கு வாங்குவோரைக் கண்டித்து வரும் வசனத்துக்கு விரிவுரையாளர் பலர் இந்நிகழ்ச்சியையே எடுத்துக்காட்டுவர். மார்க்க அறிஞர்கள் கதைகளை ஐயத்தோடு நோக்கியதன் வேர் அங்கே இருக்கிறது.

ஆயினும் உலகின் மிக நீண்ட கதைத் தொடர்களுள் ஒன்றைப் பேணி வளர்த்ததும் இதே சமுதாயந்தான். அதுவே அமீர் ஹம்ஸாவின் கதை. உஹதுப் போரில், ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில், ஷஹீதான ஹஸ்ரத் ஹம்ஸா (ரலி) அவர்களின் பெயரைத்தான் அக்கதைத் தலைவன் தாங்கி நிற்கிறான். பெயருக்கு அப்பால் ஒற்றுமை தேடுவது வீண். கதையின் ஹம்ஸா நௌஷேர்வான் மன்னனின் மகளை மணக்கிறான். காஃப் மலைக்குப் பறந்து செல்கிறான். தேவுகளோடும் சூனியக்காரரோடும் பொருதுகிறான். ஸஹாபியின் வரலாற்றைக் கதைசொல்லிகள் திரித்தனர் என்று இதனைச் சினந்தவர்கள் உண்டு. அச்சினத்தில் நியாயம் இருப்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் கேட்டவர்கள் இதனை ஸீராவாக மயங்கிக் கேட்டதாகத் தோன்றவில்லை. கதையைக் கதையாகவே கேட்டனர். அடுத்த நாளும் கேட்க வந்தனர்.

பாரசீகத்தில் பிறந்த இக்கதை கப்பலேறி எங்கெல்லாம் சென்றது என்பதற்கு மலாய் வரலாற்று நூலான ஸெஜாரா மெலாயுவில் ஓர் அரிய காட்சி இருக்கிறது. ஆண்டு 1511. போர்த்துகீசியர் மலாக்காவைத் தாக்கவிருக்கும் முதல் நாள் இரவு. காவலில் விழித்திருந்த இளவீரர்கள், பொழுது வீணே கழிவதைவிட வீரக்கதை ஒன்றைப் படிக்கக் கேட்டால் பயன் உண்டு என்று கருதி, முஹம்மது ஹனஃபிய்யா கதை ஏட்டைத் தருமாறு சுல்தான் அஹ்மதிடம் ஆளனுப்பினர். சுல்தானோ, அந்த வீரம் இவர்களுக்கு எட்டாது, அமீர் ஹம்ஸாவின் வீரமாவது வாய்த்தால் போதும் என்று எண்ணி, ஹம்ஸா கதை ஏட்டைக் கொடுத்தனுப்பினார். வீரர்கள் மனம் வருந்தி மறுமொழி சொல்லியனுப்பவே, புன்னகையோடு அவர்கள் கேட்டதையே கொடுத்தார். ஒரு நூலைப் பரிந்துரைத்து, அது மறுக்கப்பட்டு, வேறு நூல் கைமாறிய செய்தியை ஒரு நாட்டின் வரலாறே பதிந்து வைத்திருப்பது வியப்பன்றோ! மலாக்கா விழுந்துவிட்டது. அந்த இரவின் வாசிப்பு மட்டும் நிலைத்துவிட்டது.

மலாக்கா விழுந்து ஐம்பது ஆண்டுகள் கடந்தபின் அதே ஹம்ஸா கதை அக்பரின் அரண்மனையில் வேறொரு வடிவம் கொண்டது. எழுதப் படிக்கப் பழகாத அப்பேரரசருக்குப் பிறர் படித்துக் காட்டக் கேட்பதே வழக்கம். இளமையில் அவர் உள்ளத்தைக் கவர்ந்த கதைகளுள் இது தலையாயது. 1562ஆம் ஆண்டளவில் தொடங்கி, ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள், மீர் ஸய்யித் அலீ, அப்துஸ் ஸமத் என்னும் ஈரான் நாட்டு ஓவியர் இருவரின் மேற்பார்வையில் அரண்மனை ஓவியர்கள் இதற்குப் படம் எழுதினர். பன்னிரண்டு தொகுதிகள், 1400 படங்கள் என்று அபுல் ஃபஸ்ல் கணக்குத் தருகிறார். ஒவ்வோர் ஏடும் இரண்டடி உயரத்துக்கு மேற்பட்ட துணி. ஒருபுறம் படம், மறுபுறம் அதற்குரிய கதைப் பகுதி. படத்தைப் பார்த்துக்கொண்டே கதையைப் பின்தொடரும் முறையை இன்று சிறுவர்கள் காமிக்ஸ் என்கிறார்கள். அந்தச் சொல்லை அக்பரின் ஏடுகளுக்குச் சூட்டினால் கலை வரலாற்று அறிஞர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். அதன் ஓவியங்களில் அரக்கரின் தலை உருள்கிறது. ஒற்றன் கயிற்றில் ஏறுகிறான். கடலினின்று முதலை வாய் பிளக்கிறது. அடுத்த ஏட்டைப் புரட்டும் ஆவலை ஊட்டுவதே அவற்றின் நோக்கம்.

அவ்வேடுகளின் கதி என்னவாயிற்று? இன்று உலகெங்கும் எஞ்சியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. அறுபது ஏடுகள் வியன்னாவில் உள்ளன. இலண்டன் அருங்காட்சியகத்துக்குப் பொருள் சேர்க்க 1881இல் ஸ்ரீநகர் வந்த ஆங்கிலேயர் ஒருவர், சில ஏடுகள் சாளரங்களில் குளிர்காற்றை மறைக்கப் பயன்பட்டிருந்ததைக் கண்டு அவற்றை விலைக்கு வாங்கிச் சென்றார். பேரரசர் பதினைந்து ஆண்டுகள் பொருளைக் கொட்டி எழுதுவித்த படங்கள் சாளரத் திரையாயின. எல்லாரும் விரும்பிப் படிப்பதை எவரும் காப்பதில்லை. நாம் சொல்லவந்ததும் இதுவே. இவ்வரலாற்றில் இது மீண்டும் மீண்டும் நிகழும்.

கதை அரண்மனையைவிட்டுத் தெருவுக்கு வந்த வரலாறு உருது மொழிக்குரியது. 1801இல் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காகக் கலீல் அலீ கான் அஷ்க் உருதுவில் ஹம்ஸா கதையை எழுதினார். 1855இல் காலிப் லக்னவீ எழுதினார். 1871இல் அப்துல்லாஹ் பில்கிராமீ அதனை விரித்தார். ஜாமிஆ மஸ்ஜித் படிகளில் அமர்ந்து தாஸ்தான் சொல்லும் கலைஞர்களை நாடித் தில்லியில் கூட்டம் கூடியது. கவிஞர் மிர்ஸா காலிபே, ஹம்ஸா கதையின் பெருந்தொகுதி ஒன்றும் போஸ்தானே கயால் தொகுதி ஒன்றும் கைக்கு வந்துவிட்ட மகிழ்ச்சியை நண்பருக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். பகலெல்லாம் அதே படிப்பு. இரவுக்கு அவர் சேமித்துவைத்திருந்த பொருளைப் பற்றியும் அக்கடிதம் பேசுகிறது. அது இங்கு நமக்கு வேண்டியதில்லை. அவ்வளவு பெரிய கவிஞர் மாயக் கதை படிக்க நாணவில்லை என்பதே நமக்கு வேண்டியது.

பின்னர் லக்னோவில் முன்ஷி நவல் கிஷோரின் அச்சகம் இதனைக் கையிலெடுத்தது. முஹம்மது ஹுஸைன் ஜாஹ், அஹ்மது ஹுஸைன் கமர், தஸத்துக் ஹுஸைன் ஆகிய கதைசொல்லிகளை அமர்த்தி, 1883 முதல் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளில் நாற்பத்தாறு தொகுதிகளை அச்சிட்டது. மொத்தம் நாற்பதாயிரம் பக்கங்களுக்கு மேல். இதில் தலைசிறந்தது தில்ஸமே ஹோஷ்ருபா என்னும் பகுதி. தில்ஸம் என்பது சூனியத்தால் சமைக்கப்பட்ட மாய உலகம். அதன் பேரரசன் அஃப்ராஸியாப். அவனை வெல்வது ஹம்ஸாவின் வாளன்று. அம்ர் அய்யாரின் சூழ்ச்சி. அய்யார் என்போர் மாறுவேடம் பூண்டு உளவறியும் தந்திரக்காரர். அம்ர் கோமாளிபோல் ஆடிப் பாடி வருவான். உலகத்தையே அடக்கும் ஸன்பீல் என்ற பை அவன் தோளில் தொங்கும். எதிரி சிரித்துக்கொண்டிருக்கையிலே அவன் கதை முடிந்துவிடும். இந்த அய்யாரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். தேவகி நந்தன் கத்ரியின் ‘சந்திரகாந்தா’ வழியே அவன் இந்தி நாவலுக்குள்ளும் புகுந்தான். அதைப் படிப்பதற்காகவே இந்தி எழுத்தைக் கற்றவர் பலர் என்பர்.

தில்லியின் கடைசித் தாஸ்தான் கலைஞர் எனப் போற்றப்பெறும் மீர் பாக்கர் அலீ 1928இல் மறைந்தார். அதே ஆண்டில் அலகாபாத் மாவட்டத்து நாரா என்னும் சிற்றூரில் அஸ்ரார் அஹ்மது பிறந்தார். பிற்காலத்தில் இப்னு ஸஃபீ என்று உருது உலகம் அறிந்தது இவரைத்தான். சிறுவனாக இருந்தபோதே ஹோஷ்ருபாவின் தொகுதிகளில் மூழ்கியவர். கவிதை எழுதினார், அங்கதம் எழுதினார், பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார். அலகாபாத்தில் அப்பாஸ் ஹுஸைனீ நடத்திய நக்ஹத் பதிப்பகத்தின் நண்பர் குழுவில் ஒரு நாள் விவாதம் எழுந்தது. உருதுவில் ஆபாசம் கலந்தால்தான் நூல் விற்கும் என்றார் ஒருவர். அது தவறு என்று இப்னு ஸஃபீ மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல் எழுதியும் காட்டினார். 1952இல் ‘தலேர் முஜ்ரிம்’ என்னும் துப்பறியும் நாவல் வெளிவந்தது. அதன் கரு ஆங்கில நாவல் ஒன்றினின்று எடுத்தது என்பதை அவர் ஒளிக்கவில்லை. ‘ஜாஸூஸீ துன்யா’ என்ற மாத வரிசை இவ்வாறு பிறந்தது.

அவ்வாண்டே அவர் கராச்சிக்குக் குடிபெயர்ந்தார். எழுத்து அங்கே, முதற்பதிப்பகம் இங்கே. 1955இல் இம்ரான் வரிசையையும் தொடங்கினார். முன்னதில் கர்னல் ஃபரீதீயும் கேப்டன் ஹமீதும் தலைவர்கள். பின்னதில் அலீ இம்ரான். இரண்டிலுமாக ஏறத்தாழ 245 நாவல்கள்.

இம்ரானைப் பார்ப்பவர் அசடு என்று முடிவு கட்டுவர். பொருத்தமற்ற நிறங்களில் உடுப்பான், பொருளற்றுப் பிதற்றுவான், சமையற்காரன் சுலைமானிடம் தோற்றுப்போவான். தொலைபேசியில் கட்டளையிட்டு அதிகாரிகளை நடுங்கவைக்கும் இரகசியத் துறைத் தலைவன் எக்ஸ்டூ அவனே என்பதை அவனுக்குக் கீழ்ப் பணிபுரிவோரும் அறியார். இவனை மேனாட்டு உளவாளிகளின் நகல் என்று கூறுவோர் ஹோஷ்ருபாவைப் படியாதவர்கள் என்பதே நம் கருத்து. கோமாளி வேடத்தில் வந்து பேரரசனைக் கவிழ்க்கும் அம்ர் அய்யாரே மேற்சட்டை அணிந்து இம்ரானாக வந்து நிற்கிறான். தில்ஸம், ஸீரோலாண்ட் என்னும் மறைவான கொடுங்கோல் உலகமாக மாறியது. சூனியத்தின் இடத்தில் விஞ்ஞானம் அமர்ந்தது.

அவர் தம் கதை நிகழும் நாட்டுக்குப் பெயர் சூட்டவில்லை. கராச்சி வாசகர் தம் நகரமென்று படித்தார். லக்னோ வாசகரும் அவ்வாறே படித்தார். பிரிவினை இரண்டாக்கிய வாசகர் கூட்டத்தைப் பெயரற்ற ஒரு நகரம் ஒன்றாக வைத்திருந்தது. இந்திப் பதிப்பில் ஃபரீதீ வினோத் ஆனார். இம்ரான் ராஜேஷ் ஆனான். ஹமீது மட்டும் ஹமீதாகவே இருந்தார். எவர் பெயரை மாற்றினால் விற்கும், எவரை அப்படியே விடலாம் என்று பதிப்பாளர் போட்ட இக்கணக்கும் அக்கால வரலாற்றின் ஒரு சான்றே.

பேஷ்ரஸ் என்னும் முன்னுரையில் அவர் வாசகர் கடிதங்களுக்கு விடை சொல்வார், கேலி செய்வார், சில வேளை கடிந்துகொள்வார். 1960 முதல் மூன்றாண்டுகள் மனநோயால் அவர் எழுதவில்லை. அவ்விடைவெளியில் பெயரைச் சற்றே திரித்துக்கொண்ட போலி எழுத்தாளர்கள் சந்தையில் குவிந்தனர். 1963இல் ‘டேட் மத்வாலே’ நாவலோடு அவர் மீண்டபோது, அதன் இந்திய வெளியீட்டு விழாவை நடத்திவைத்தவர், காமராசர் திட்டத்தின்படி அமைச்சர் பதவி துறந்திருந்த லால் பகதூர் சாஸ்திரி என்பது பதிவு. 1980இல் இப்னு ஸஃபீ மறைந்தார். அதன்பின்னும் இம்ரானைப் பிறர் எழுதினர். அவற்றுள் மஸ்ஹர் கலீம் எழுதியவை மிகப் பல. விறுவிறுப்பு அவற்றில் உண்டு. நகைச்சுவை மூலவரோடு போயிற்று.

நம் தமிழிலும் இதே வரலாற்றின் சாயல் உண்டு. கிஸ்ஸா, மஸாலா, நாமா, படைப்போர் என்று நம் புலவர்கள் யாத்த கதைப் பாடல்கள் வீடுகளில் உரக்கப் படிக்கப்பெற்றவை. அவை முற்றாக மறையாமல் இருப்பதற்கு, 1986 முதல் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக வெளியிட்ட ம. மு. உவைஸ், பீ. மு. அஜ்மல்கான் போன்றோரின் உழைப்பு பெருங்காரணம். அதற்குப் பின்வந்த வாடகை நூல்நிலையத் தலைமுறைக்கு அத்தகைய காவலர் வாய்க்கவில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்களையும், தமிழ்வாணனின் சங்கர்லாலையும், 1972இல் சிவகாசியில் தோன்றிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியையும் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தவர்களில் நம்மவர் குறைவல்லர். அந்த ஏடுகள் எத்தனை பேர் வீட்டில் இன்று இருக்கின்றன? பாடநூலுக்குள் ஒளித்துப் படித்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைக்கும்போது, அது பழைய காகிதத்தோடு எடைக்குப் போயிருக்கிறது.

இளைஞர்கள் இத்தொடர்களில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கின்றனர். ஹம்ஸாவின் நாற்பத்தாறு தொகுதிகளைக் காட்டி எவரையும் அச்சுறுத்த வேண்டாம். பில்கிராமீயின் ஒற்றைத் தொகுதி போதும். 2007இல் முஷர்ரஃப் அலீ ஃபாரூக்கீ செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. இப்னு ஸஃபீயில் முதல் நாவலிலிருந்து வரிசையாகப் படிப்பது நற்பழக்கம் போலத் தோன்றும். ஆனால் முதல் நூல்களில் அவர் கை இன்னும் பழகவில்லை. நடுவில் எங்கேனும் புகுந்து, பிடித்தால் பின்னோக்கிச் செல்வதே நன்று. வரிசை எண் நூலகருக்கு வேண்டியது, வாசகருக்கு அன்று.

இவ்விரு தொடர்களையும் ஒருங்கே மதித்த அறிஞர் ஒருவரைக் குறிப்பிடாமல் விடுவதற்கில்லை. அலகாபாத்தில் வாழ்ந்து 2020இல் மறைந்த ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கீ உருதுத் திறனாய்வில் தலைமகன். மீர் தகீ மீரின் கவிதைக்குப் பேருரை கண்டவர். அவரே எவரும் ஒருசேரத் திரட்டாத ஹம்ஸா தொகுதிகளை ஆண்டுக்கணக்கில் தேடிச் சேர்த்து, அக்கலைக்கென்று தனி ஆய்வு நூல்கள் எழுதினார். அதே கையால் இப்னு ஸஃபீயின் ஜாஸூஸீ துன்யா நாவல்கள் நான்கை ஆங்கிலத்தில் பெயர்த்தார். துப்பறியும் கதைக்கு இவ்வளவு பெரிய அறிஞரா என்று எவரேனும் கேட்டிருந்தால் அவர் சிரித்திருப்பார். அந்நான்கு நூல்களும் 2011இல் அச்சேறின. வெளியிட்டது தில்லியோ லக்னோவோ அன்று. நம் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம்.