வன்முறை வீடியோ கேம்களும் சிறுவர் திரைநேரமும்

துப்பாக்கிச் சண்டையையும் கொலையையும் மையமாகக் கொண்ட வீடியோ கேம்களைச் சிறுவர்கள் நெடுநேரம் ஆடுவது குறித்துக் குழந்தை நல அமைப்புகளும் மருத்துவர் சங்கங்களும் தொடர்ந்து எச்சரித்து வருகின்றன. 1992இல் வெளியான ‘மோர்ட்டல் காம்பட்’ கிளப்பிய எதிர்ப்பால் 1993இல் அமெரிக்க செனட் விசாரணை நடத்தியது. மறு ஆண்டே கேம்களுக்கு வயதுவாரி வகைப்பாடு வந்தது.

இந்தியாவில்

2018இல் பப்ஜி மொபைல் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் பரவியதும் இங்கும் கவலை பெருகியது. 2019 மார்ச்சில் ராஜ்கோட் காவல்துறை அதற்குத் தடை விதித்தது. சிறுவர்களை ஆன்லைன் கேம் அடிமைத்தனத்திலிருந்து காக்கத் தேசியக் கொள்கை வேண்டுமென்று ‘டிஸ்ட்ரஸ் மேனேஜ்மென்ட் கலெக்டிவ்’ என்ற தன்னார்வ அமைப்பு டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. 2021 ஜூலையில் அக்கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி மத்திய அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது.

பப்ஜி 2020 செப்டம்பரிலும் அதே வகை கேமான ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியிலும் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டன. காரணம் நாட்டின் பாதுகாப்பு. குழந்தைகள் நலன் அல்ல. 2021இலேயே பப்ஜி புதுப் பெயரில் திரும்பியது.

ஆட்டத்தின் பிடி

பப்ஜியில் நூறு பேர் பாராசூட்டில் ஒரு தீவில் இறங்கி, ஆயுதம் தேடி, ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துவார்கள். கடைசிவரை உயிரோடிருக்கும் அணிக்கே வெற்றி. ஒரு ஆட்டம் அரை மணி நேரம்கூட நீளும். நடுவில் நிறுத்திவைக்க முடியாது. சாப்பிடக் கூப்பிட்டால் பிள்ளை எழாததற்கு, விட்டுப்போனால் கூட்டாளிகள் தோற்பார்கள் என்பதும் ஒரு காரணம்.

சான்றுகள்

வன்முறை கேம்களுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய தொடர்பு உண்டு. கொடிய வன்முறைக்கு அவையே காரணம் என்று சொல்லப் போதிய சான்றில்லை என 2020இல் அமெரிக்க உளவியல் சங்கம் தீர்மானித்தது. மறுபுறம், படிப்பையும் உறவையும் கெடுக்கும் கட்டுப்பாடற்ற ஆட்டப் பழக்கத்தை உலக சுகாதார அமைப்பு 2019இல் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனை 2014 முதலே இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு நடத்துகிறது.

வரம்புகள்

இரண்டு வயதுக்குள் அவ்வப்போதைய வீடியோ அழைப்பு தவிரத் திரையே கூடாது. ஐந்து வயதுக்குள் நாளுக்கு ஒரு மணி நேரம், பத்து வயதுக்குள் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம். தமிழ்நாடு அரசின் 2025ஆம் ஆண்டு விதிமுறைகள், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளில் 18 வயதுக்குட்பட்டோரைத் தடுத்தன. பணம் வைக்காத துப்பாக்கிச் சண்டை கேம்கள் அவற்றுக்குள் வரவில்லை. அந்த இடைவெளியை அரசு நிரப்பும்வரை, நேர வரம்பை வகுத்து உறுதியாகக் கடைப்பிடிக்கும் பொறுப்பு பெற்றோருடையதே.